அம்புக்குறி எங்கே முடிகிறது?

ஆடி மாதத்தில் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் போனால் காற்று ஆளையே தள்ளும். அந்தக் காற்றைப் பற்றித்தான் ஒரு மாணவி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறார். படம் போட்டுக் குறிப்பெடுக்கும் பயிற்சிக்கு வந்தபோது, முந்தின நாள் கேட்ட உரையை மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தார். ஒரு வரி விடவில்லை. "சரிம்மா, இதையே ஒரு பக்கத்துல படமாப் போடுங்க" என்றேன்.

வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. நடுவில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குப் பாலக்காட்டுக் கணவாய். இதுவரை மளமளவென்று வரைந்தார். அரபிக்கடல் பக்கமிருந்து அம்புகளும் வந்தன. கணவாய் வாயில் பென்சில் நின்றுவிட்டது.

"சார், இங்க அம்பை நெருக்கிப் போடணுமா, நீட்டிப் போடணுமா?"

'கணவாயில் காற்று வேகமெடுக்கிறது' என்று எழுதியபோது இந்தக் கேள்வி அவருக்கு வரவே இல்லை. வாக்கியம் எழுதும்போது தெரியாததைத் தாண்டிப் போய்விடலாம். கோடு போடும்போது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று முடிவு செய்தே ஆக வேண்டும். ஆய்வு மாணவர்களுக்கு இதைக் கற்றுக்கொடுக்க நான் மெனக்கெடுவது இதற்காகத்தான்.

நினைவுக்கும் இது உதவும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட சோதனைகளில், சில சொற்களை எழுதவும் சிலவற்றை வரையவும் சொன்னார்கள். வரைந்தவையே அதிகம் நினைவில் நின்றன. பொருளை யோசிப்பது, கையை அசைப்பது, வந்த படத்தைப் பார்ப்பது என மூன்றும் ஒன்றாகப் பதிவதே காரணம் என்பது அவர்கள் விளக்கம். படம் அழகாக இருக்க வேண்டியதும் இல்லை. ஆனால் அது தனிச்சொற்களை வைத்துச் செய்த சோதனை. ஒரு மணி நேர உரைக்கு அப்படியே பொருத்தக் கூடாது. உரை நடக்கும்போது நாலைந்து சொல்லும் கோடும் போதும். அன்று இரவே உட்கார்ந்து முழுப்படம் போடச் சொல்கிறேன்.

அப்புறம், அம்பு. ஒரே பக்கத்தில் ஓர் அம்பு நகர்வையும், இன்னொன்று காரணத்தையும், வேறொன்று கால வரிசையையும் காட்டினால் ஒரு மாதம் கழித்து வரைந்தவருக்கே புரியாது. மாணவி கேட்டதும் இந்த வகைச் சிக்கல்தான். காற்றின் பாதையைக் கோடாக வரைந்தால், நெருக்கம் வேகத்தைக் காட்டும். தனித்தனி அம்பாகப் போட்டால், நீளம் காட்டும். இரண்டும் சரி. ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து மூலையில் குறித்துவிட வேண்டும்.

அவர் கோடுகளைத் தேர்ந்தெடுத்தார். அகலமாக வந்த காற்று ஒடுங்கிய இடத்தைக் கடக்க வேகமாக ஓட வேண்டியிருக்கிறது. கணவாயில் கோடுகள் நெருங்கின. கிழக்கே பல்லடம் பக்கம் அவற்றை விரித்து, ஒரு காற்றாலையும் வரைந்தார். அங்கே கோடு விரிந்தும் காற்று ஏன் ஓயவில்லை? காற்றாலைக்குப் பக்கத்தில் பெரிதாக ஒரு கேள்விக்குறி போட்டார். மறுவாரம் நெறியாளரைப் பார்க்கப் போனபோது அந்த ஒரு தாளைத்தான் எடுத்துப் போனார்.