தோல் வேகவில்லை அம்மா, ஒட்டு விட்டுப்போனது

போன தை மாதம், ஊட்டிப் பக்கத்து ஹட்டி (படுகர் கிராமம்) ஒன்றிலிருந்து ஓர் அம்மா குன்னூரில் என்னிடம் வந்தார். ஐம்பது வயதிருக்கும். வாயைத் திறக்கவே சிரமப்பட்டார். நான்கு மாதமாக வாய்ப்புண். உடம்புச் சூடு என்று மணத்தக்காளிக் கீரை, அப்புறம் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை, எதற்கும் ஆறவில்லை. பிறகு முதுகில் நீர்க்கொப்புளங்கள். அக்கி என்று யாரோ சொல்ல, காவி குழைத்து எழுதியிருந்தார்கள். கொப்புளத்துக்குப் பக்கத்தில், நன்றாகத் தெரிந்த தோலை விரலால் லேசாகத் தள்ளினேன். நனைந்த காகிதம் போல வழுக்கிக்கொண்டு வந்தது.

"தோலே வெந்துபோச்சா டாக்டர்?" என்றார்.

வேகவில்லை. ஆனால் அவர் கேட்டதில் விஷயம் இருந்தது. உருளைக்கிழங்கு போடுகிறவர் என்பதால் அதையே வைத்துச் சொன்னேன். கிழங்கின் ஒவ்வொரு செல்லுக்கும் செல்லுலோஸ் சுவர் உண்டு. ஒரு சுவரை அடுத்த சுவரோடு ஒட்டவைப்பது பெக்டின் என்ற பசை. வேகும்போது இளகுவது இந்தப் பசைதான். குழைந்த கிழங்கு மாவு மாவாக உதிர்வது, செல்கள் பெரும்பாலும் உடையாமல் ஒன்றைவிட்டு ஒன்று பிரிவதால். 2,240 மீட்டர் உயர ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் பசை இளக நேரமாகிறது. குக்கர் இல்லாமல் அங்கே சமைத்தவர்களுக்கு இது தெரியும். புளிப்பில் அந்தப் பசை இன்னும் பிடிவாதம் பிடிக்கும். காய் வெந்த பிறகே புளி கரைத்து ஊற்று என்று பாட்டிமார் சொன்னது இதனால்தான்.

நம் செல்லுக்குச் சுவர் கிடையாது. தோலின் மேலடுக்கில் செல்லும் செல்லும் டெஸ்மோசோம் என்னும் பொத்தான்களால் மாட்டிக்கொண்டிருக்கின்றன. உள்ளே கெரட்டின் இழைகள் அந்தப் பொத்தான்களைப் பிடித்து இழுத்து நிற்கின்றன. அடியில் கொலாஜன் நார் மெத்தை. இந்த அம்மாவின் உடம்பு, பொத்தானில் உள்ள டெஸ்மோகிளின் என்ற புரதத்தையே எதிரியாக நினைத்துத் தாக்கியிருக்கிறது. செல்கள் கழன்று உருண்டையாகி, இடைவெளியில் நீர் கோத்துக்கொள்கிறது. தோல் துணுக்கை எடுத்துப் பரிசோதித்ததில் உறுதியானது: பெம்பிகஸ் வல்காரிஸ்.

அரிய நோய்தான். ஆனால் பெரும்பாலும் வாயில்தான் தொடங்கும் என்பதால், சாதாரண வாய்ப்புண் என்றே மாதங்கள் ஓடிவிடுகின்றன. மூன்று வாரத்தில் ஆறாத வாய்ப்புண்ணை யாராவது ஒரு டாக்டரிடம் காட்டிவிடுங்கள். எளிதில் உடைந்து பச்சைப் புண்ணாக நிற்கும் கொப்புளத்தில் காவியோ பச்சிலையோ பூச வேண்டாம். திறந்த புண்ணில் கிருமி புகுந்தால் உயிருக்கே ஆபத்து. இது தொற்றாது. இந்த அம்மாவுக்கு வீட்டில் தட்டும் டம்ளரும் தனியாக வைத்திருந்தார்கள். எனக்கு நோயைவிட அதுதான் கஷ்டமாக இருந்தது. கூட வந்த மகனிடம் கொஞ்சம் கோபமாகவே பேசிவிட்டேன்.

1950-களில் ஸ்டீராய்டு வருவதற்கு முன் இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. இன்று ஸ்டீராய்டோடு ரிட்டுக்ஸிமாப் ஊசியும் இருக்கிறது. புண் ஆறியதும் ஸ்டீராய்டைத் தாமாகவே சட்டென்று நிறுத்துகிறவர்களால்தான் எனக்குத் தலைவலி.

சித்திரையில் அந்த அம்மா ஒரு பை கிழங்கோடு வந்தார். ரசம் சாப்பிட முடிகிறதாம், மிளகு போட்டே. உட்கார்ந்ததும் கேட்டார்: "மாத்திரையை விட்டுடலாமா டாக்டர்?"

கூடாது என்றேன்.