பெயின்ட் அடிப்பதற்குப் பெயர் டி.பி.எம். இல்லை

கோவைப் பக்கம் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையிலிருந்து அழைப்பு வந்தது. "டி.பி.எம். எல்லாம் பண்ணி முடிச்சுட்டோமுங்க. அப்பறமும் பிரேக்டவுன் வந்துட்டேதான் இருக்குதுங்க. ஒருக்கா வந்து பாருங்க" என்றார் உரிமையாளர். டி.பி.எம். என்பது Total Productive Maintenance, ஆபரேட்டர் முதல் நிர்வாகம் வரை எல்லோரும் சேர்ந்து எந்திரத்தைப் பழுதில்லாமல் பார்த்துக்கொள்ளும் முறை. போனேன். தரை முழுக்கப் பச்சை, நடைபாதைக்கு மஞ்சள் கோடு, எந்திரங்களுக்குப் புது வெள்ளை, வாசலில் டி.பி.எம்.மின் எட்டுப் பகுதிகளை எட்டுத் தூணாகப் படம் போட்ட பெரிய பலகை. உள்ளே ஒரு பவர் பிரஸ் கழற்றிக் கிடந்தது. கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் கன்மெட்டல் புஷ் கிரீஸே இல்லாமல் ஓடி, சூடேறிச் சிக்கி, ஷாஃப்டையும் கீறிவிட்டிருந்தது.

காரணம் தேட அதிக நேரம் ஆகவில்லை. தணிக்கைக்கு முன்னால் வந்த பெயின்டர், கிரீஸ் உள்ளே போகும் வாயான கிரீஸ் நிப்பிளையும் சேர்த்து அடித்துவிட்டுப் போயிருக்கிறார். நிப்பிள் நுனியில் உள்ள சின்னக் குண்டு பெயின்டில் இறுகிவிட்டது. ஆபரேட்டர் வாராவாரம் கிரீஸ் கன்னை வைத்து அடித்திருக்கிறார். கிரீஸ் பக்கவாட்டில் பிதுங்கியிருக்கிறது. பனியன் வேஸ்டால் துடைத்துவிட்டுப் படிவத்தில் டிக் போட்டிருக்கிறார். படிவத்தில் ஒரு வாரம்கூட விடுபடவில்லை.

பக்கத்து எந்திரங்களையும் சுற்றிப் பார்த்தேன். ஒரு கியர்பாக்ஸில் காற்று போய்வரும் பிரீத்தர் துளை பெயின்டால் அடைபட்டு, உள்ளே அழுத்தம் ஏறி, ஆயில் சீல் வழியாக எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது. ஹைட்ராலிக் தொட்டியின் லெவல் கண்ணாடி பாதி வெள்ளை. மோட்டாரின் பெயர்த்தகட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று யாராலும் படிக்க முடியாது. மாற்று மோட்டார் வாங்க வேண்டுமென்றால் கழற்றிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான்.

இந்த ஒரு இடத்தில் மட்டும் இப்படி என்றால் எழுதியிருக்க மாட்டேன். ஓசூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் அம்பத்தூரிலும் இதே கதையைப் பார்த்திருக்கிறேன். வாடிக்கையாளர் கம்பெனி "டி.பி.எம். எங்கே?" என்று கேட்டதும் முதலில் கூப்பிடப்படுவது பெயின்ட் கான்ட்ராக்டர்.

ஆகவே இதை நிறுத்திச் சொல்கிறேன். டி.பி.எம்.மில் சுத்தம் செய்யச் சொல்வது எந்திரம் அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக அல்ல. கை எந்திரத்தின் எல்லா இடத்திலும் பட வேண்டும் என்பதற்காக. கை பட்டால்தான் தெரியும், எந்த போல்ட் ஆடுகிறது, எந்தப் பெல்ட்டில் விரிசல், எந்த ஹோஸ் வெடித்திருக்கிறது, எந்த லிமிட் சுவிட்சின் கேபிள் தகட்டில் உரசித் தேய்கிறது, எந்த பேரிங் வழக்கத்துக்கு மேல் சுடுகிறது என்று. ஆபரேட்டரே தன் எந்திரத்தைப் பார்த்துக்கொள்வதைத் தன்னாட்சிப் பராமரிப்பு என்பார்கள். அதன் முதல் படியான தொடக்கச் சுத்திகரிப்பு முழுக்க முழுக்க ஒரு பரிசோதனை. அது முடிந்ததும் எந்திரம் பளபளப்பாக இருக்கிறதா என்று பார்க்காதீர்கள், எத்தனை குறை கண்டுபிடித்தீர்கள் என்று பாருங்கள். நாள் முழுக்கத் துடைத்து ஒரு குறையும் கிடைக்கவில்லை என்று ஒரு குழு சொன்னால் அவர்கள் துடைத்திருக்கிறார்கள், பார்க்கவில்லை. பத்து, பதினைந்து வருடம் ஓடிய எந்திரத்தில் நூற்றுக்கு மேல் குறை கிடைப்பது சாதாரணம்.

பெயின்ட் இதற்கு நேர் எதிரான வேலையைச் செய்கிறது. விரிசலை மூடுகிறது. கசிவின் தடத்தை மறைக்கிறது. போல்ட் தலையையும் தகட்டையும் ஒன்றாக ஒட்டி, தளர்ந்ததைத் தளராதது போலக் காட்டுகிறது. பழுதுகளை எல்லாம் கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகு, மறைக்க வேண்டிய இடங்களில் டேப் ஒட்டி, வெளிர்நிறம் அடியுங்கள். கசிவு பளிச்சென்று தெரியும், அதற்கு நான் எதிரி இல்லை. அதற்கு முன்னால் பிரஷ்ஷைத் தொடாதீர்கள். அவசரமாக ஏதாவது வரைந்தே ஆக வேண்டும் என்றால் போல்ட்டையும் நட்டையும் இறுக்கியபின் இரண்டையும் சேர்த்து ஒரு கோடு போடுங்கள். கோடு விலகினால் தளர்ந்துவிட்டது என்று போகிற போக்கில் யாருக்கும் தெரியும். பிரஷர் கேஜில் இயங்க வேண்டிய எல்லைக்குப் பச்சை ஒட்டுங்கள். எண்ணெய்த் தொட்டியில் மேல் அளவு, கீழ் அளவுக் கோடு போடுங்கள். பெல்ட் கார்டில் ஒரு ஜன்னல் வெட்டி, கம்பி வலையோ ஒளிபுகும் தகடோ வையுங்கள். கழற்றாமலே பெல்ட்டைப் பார்க்கலாம்.

கசிவைச் சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. நொடிக்கு ஒரு சொட்டு, இருபது சொட்டு ஒரு மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 4 லிட்டருக்கு மேல், வருடத்துக்கு 1,500 லிட்டருக்கு மேல் ஹைட்ராலிக் எண்ணெய் தரைக்குப் போகிறது. அடியில் தட்டு வைத்துப் பிடிப்பது தீர்வு ஆகாது. தட்டு வைத்த அன்றைக்கே அந்தக் கசிவு நிரந்தரமாகிவிடுகிறது. தன்னாட்சிப் பராமரிப்பில் இரண்டாம் படி என்று ஒன்று இருப்பதே அழுக்கு பிறக்கும் இடத்தை அடைப்பதற்கும், கை எட்டாத இடத்தை எட்டும்படி மாற்றுவதற்கும்தான். அதைத் தாண்டிக் குதித்துவிட்டுத் தினமும் துடைக்கச் சொன்னால் ஆபரேட்டர் ஒரு மாதம் துடைப்பார், அப்புறம் வெறுத்துவிடுவார். அவர் மேல் தப்பில்லை.

இன்னொரு பேச்சும் எனக்கு ஆகாது: "மெயின்டனன்ஸ்காரங்க வேலையை எங்க தலையில கட்டுறாங்க." தொழிலாளர்கள் இப்படிச் சொல்வதற்கு நிர்வாகம்தான் காரணம், ஏனென்றால் பல இடங்களில் உண்மையிலேயே அப்படித்தான் நடக்கிறது. ஃபிட்டர் இரண்டு பேரைக் குறைத்துவிட்டு, அதற்கு டி.பி.எம். என்று பெயர் வைக்கிறார்கள். 1971இல் இந்த முறைக்காக ஜப்பான் ஆலைப் பராமரிப்பு அமைப்பின் விருதை முதலில் வாங்கியது நிப்பான்டென்சோ, இன்றைய டென்சோ. அங்கே தானியங்கி எந்திரங்கள் பெருகியபோது, எண்ணெய் விடுவதும் போல்ட் இறுக்குவதும் பார்த்துக்கொள்வதுமான அன்றாட வேலை ஆபரேட்டருக்கு வந்தது. பராமரிப்புக்காரர்கள் வீட்டுக்குப் போகவில்லை. எந்திரத்தையே மாற்றி மேம்படுத்துவது, திரும்பத் திரும்ப வரும் பழுதின் வேரைப் பிடிப்பது, அடுத்து வாங்கும் எந்திரம் பராமரிக்க எளிதாக இருக்கும்படி முன்கூட்டியே பார்த்துக்கொள்வது என்று அவர்கள் வேலை கூடியது. அதற்கான நேரத்தைத்தான் ஆபரேட்டர் விடுவித்துக் கொடுத்தார். உங்கள் ஃபிட்டர் இன்றைக்கும் நாள் முழுக்க பியூஸ் மாற்றவும் கிரீஸ் அடிக்கவும் ஓடிக்கொண்டிருந்தால் எட்டுத் தூணில் திட்டமிட்ட பராமரிப்பு என்ற தூண் பலகையில் மட்டும்தான் நிற்கிறது.

குறை கண்ட இடத்தில் எழுதிக் கட்டும் டேக் (அட்டை) விஷயத்துக்கு வருகிறேன். இங்கேதான் பெரும்பாலான இடங்களில் உயிர் போகிறது. ஆபரேட்டரே சரிசெய்யக்கூடிய குறைக்கு வெள்ளை டேக், பராமரிப்புத் துறை செய்ய வேண்டியதற்குச் சிவப்பு டேக் என்பது வழக்கம். முதல் வாரம் உற்சாகமாகக் கட்டுவார்கள். மூன்று மாதம் கழித்துப் போனால் சிவப்பு டேக் எல்லாம் எண்ணெய் குடித்துக் கறுத்துப்போய் அங்கேயே தொங்கும். ஒரு கம்பெனியில் ஸ்டோரில் 8 மில்லிமீட்டர் நியூமாட்டிக் (காற்று) டியூப் இல்லாததால் ஒரு டேக் நான்கு மாதம் தொங்கியது. "இனி எதுக்கு சார் எழுதணும், எழுதினா என்ன ஆகுது?" என்று கேட்ட தம்பிக்கு அந்த உரிமையாளரிடம் பதில் இல்லை. தயவுசெய்து கேளுங்கள், எழுதியது சரியாகாவிட்டால் அடுத்த குறையை யாரும் எழுத மாட்டார்கள். டேக் கட்டச் சொல்வதற்கு முன்னால் டியூப், ஃபிட்டிங், ஆயில் சீல், போல்ட், கிளாம்ப் எல்லாம் ஸ்டோரில் நிரப்புங்கள். எந்தச் சிவப்பு டேக்கையும் எப்போது முடிப்போம் என்ற தேதி இல்லாமல் விடாதீர்கள். தேதி தாண்டினால் மெயின்டனன்ஸ் மேனேஜரைத் திட்டுவதை விட, என்ன தடை என்று போய்க் கேளுங்கள். பாதி நேரம் அது நீங்கள் கையெழுத்துப் போடாத பர்ச்சேஸ் ஆர்டராக இருக்கும்.

அடுத்தது ஓ.இ.இ. கணக்கு, அதாவது எந்திரம் கொடுத்திருக்க வேண்டிய நல்ல துண்டுகளில் எத்தனை சதவீதம் உண்மையில் கொடுத்தது என்ற கணக்கு. "எங்களுக்கு 90 வருதுங்க" என்று சொல்லும் இடங்களில் நான் முதலில் கேட்பது ஷிப்ட் புத்தகத்தைத்தான். 450 நிமிட ஷிப்ட். பழுதில் 50, டை (அச்சு) மாற்றுவதில் 40 போனது. ஓடியது 360, ஆக இருப்பு (ஓடிய நேரத்தின் பங்கு) 80 சதவீதம். நிமிடத்துக்கு ஒன்று வர வேண்டிய எந்திரம் 360க்குப் பதில் 270 கொடுத்தது, செயல்திறன் 75 சதவீதம். அதில் நல்லது 261, தரம் 97 சதவீதம் போல. மூன்றையும் பெருக்கினால் 58. இதே ஷிப்டை 90க்குப் பக்கத்தில் எப்படிக் கொண்டுபோவார்கள்? டை மாற்றும் நேரத்தைத் திட்டமிட்ட நிறுத்தம் என்று கழித்துவிடுவார்கள். சைக்கிள் நேரத்தை எந்திரம் செய்யக்கூடியதில் இருந்து எடுக்காமல், இப்போது ஓடுகிற வேகத்தையே அளவாக வைத்துவிடுவார்கள். சென்சார் மாட்டிக்கொண்டு பத்து நொடி நிற்பது, ஆபரேட்டர் தட்டி ரீசெட் செய்வது எதுவும் கணக்கில் வராது. 360க்கும் 270க்கும் நடுவில் காணாமல் போன 90 துண்டுகள் அத்தனையும் அந்தச் சில்லறை நிறுத்தத்திலும் குறைந்த வேகத்திலும்தான் இருக்கின்றன. டி.பி.எம்.மை வகுத்த ஜப்பானியர் செய்ச்சி நகாஜிமா சொன்ன 85 என்ற அளவு, இருப்பு 90, செயல்திறன் 95, தரம் 99க்கு மேல் நின்றால் வருவது. முதல் வருடத்திலேயே அதைக் காட்டுகிறவர்களை நான் நம்புவதில்லை. 58 என்று நேர்மையாக எழுதுகிற கம்பெனியோடு வேலை செய்வது எளிது.

பாதுகாப்பு பற்றி விளக்கிக்கொண்டிருக்க மாட்டேன், செய்யுங்கள். சுத்தம் செய்யும்போது எந்திரம் ஓடக்கூடாது. பட்டனை அணைத்தால் போதாது, மின்சாரத்தையே துண்டிக்கும் ஐசொலேட்டரை இறக்கிப் பூட்டுங்கள், சாவி துடைக்கிறவர் சட்டைப் பையில் இருக்கட்டும். ஐந்து பேர் துடைத்தால் ஐந்து பூட்டு. ஹைட்ராலிக் அழுத்தத்தையும் காற்றையும் வெளியேற்றுங்கள். அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் அக்குமுலேட்டர் இருந்தால் அதையும் மறக்காதீர்கள். பிரஸ் என்றால் மேலும் கீழும் போகும் ராமுக்குக் கீழே சேஃப்டி பிளாக் வைத்த பிறகுதான் கை. மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் உள்ள பேனலை ஆபரேட்டர் திறக்கவே கூடாது, அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் நிற்கும். காற்றுக் குழாயால் இரும்புச் சீவலை ஊதாதீர்கள்: கண்ணுக்கும் ஆபத்து, ஸ்லைடுக்குள்ளும் போய் உட்காரும். ஓடும் எந்திரத்தின் அருகே போய்ப் பார்ப்பதையே பயிற்சி பெற்று, பதிவேட்டில் பெயர் எழுதப்பட்டு, உடலோடு ஒட்டிய ஆடை போட்டவருக்கு மட்டும் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 22ஆம் பிரிவு விட்டுவைத்தது. "ரெண்டு நிமிஷம்தானே, ஓடட்டும்" என்று சொன்ன சூப்பர்வைசர்களை எனக்குத் தெரியும். அந்த இரண்டு நிமிடத்தில் விரல் போன தொழிலாளர்களையும் தெரியும்.

புதிதாகத் தொடங்கப்போகிறவர்களுக்கு: முழு ஆலையிலும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். அதிகம் தொல்லை தரும் ஒரு எந்திரத்தை எடுங்கள். அதை உரிமையாளரும் மேனேஜர்களும் முதலில் கையை விட்டுத் துடையுங்கள். மேனேஜர் எந்திரத்துக்கு அடியில் படுத்து எண்ணெய் பூசிக்கொண்டு எழுந்து வருவதைத் தொழிலாளர்கள் பார்த்தால் பாதிப் பேச்சு அடங்கிவிடும். விருது அளவுக்கு வர மூன்று வருடம் போல ஆகும். வாடிக்கையாளரின் தணிக்கை அடுத்த மாதம் என்றால் அடுத்த மாதத்துக்கு என்ன உண்மையாகச் செய்ய முடியுமோ அதைக் காட்டுங்கள்; அனுபவமுள்ள தணிக்கையாளர் பலகையைப் பார்க்க மாட்டார், கிரீஸ் நிப்பிளைத்தான் பார்ப்பார்.

இப்போது நம் ஆலைகளில் எந்திரத்தில் நிற்பவர்களில் நிறையப் பேர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள். சுவரில் ஒட்டியிருக்கும் ஒரு பக்கப் பாடம் ஆங்கிலத்தில் இருக்கிறது, தரப் படிவம் தமிழில் இருக்கிறது. எந்தப் பையன் எதைப் படிப்பான்? படமாகப் போடுங்கள். சரியான நிலை ஒரு புகைப்படம், தவறான நிலை ஒரு புகைப்படம், இந்தியிலும் ஒடியாவிலும் இரண்டு வரி. அவர்களில் ஒருவரையே எழுதச் சொல்லுங்கள், பெருமையாக எழுதுவார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கான்ட்ராக்டை மாற்றி ஆளையும் மாற்றினால் எந்திரத்தின் சத்தம் பழகிய காது ஒன்றுகூட உங்கள் ஆலையில் மிஞ்சாது. ஒரு எந்திரத்துக்கு ஒருவராவது நிலையாக இருக்கும்படி பாருங்கள்.

கடைசியாக ஒன்று, இதைக் கெஞ்சியே கேட்கிறேன். துடைக்கவும் பார்க்கவும் இறுக்கவும் கொடுக்கும் அந்தப் பத்து நிமிடம் ஷிப்டுக்குள் இருக்கட்டும். பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவரை நிறுத்தி வைத்துத் துடைக்கச் சொல்லாதீர்கள். பத்து நிமிடத்துக்கு எத்தனை துண்டு வருமோ அதை அன்றைய இலக்கிலிருந்து கழித்துவிட்டு, கழித்த எண்ணையே பலகையில் எழுதுங்கள்.