வாடிய செடிக்கு மறுபடியும் தண்ணீர் ஊற்றும் முன், வேரைப் பாருங்கள்

தோட்டக்கலை ஆலோசனைக்காக என்னைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் கையில் ஓர் இலையோடு வருவார்கள், இல்லையென்றால் கைபேசியில் இலையின் படத்தோடு. இலை மஞ்சளாகியிருக்கும், சுருண்டிருக்கும், ஓரம் கருகியிருக்கும். "இதுக்கு என்ன மருந்து சார் அடிக்கணும்?" என்பதுதான் முதல் கேள்வி. மண் எப்படி இருக்கிறது, வேரைப் பார்த்தீர்களா என்று நான் திருப்பிக் கேட்பேன். வேரை அநேகமாக யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். தொட்டியில் காய்கறியும் மூலிகையும் வளர்க்கிறவர்களின் தொல்லைகளில் நான் பார்த்த வரை பாதிக்கு மேல் மண்ணுக்குக் கீழே தொடங்கியவைதான், இலை அதைப் பிந்தித்தான் காட்டுகிறது.

ஒருமுறை ஓர் அம்மா தக்காளிச் செடியைத் தொட்டியோடு தூக்கிக்கொண்டு வந்தார். செடி தலை தொங்கிப்போயிருந்தது. நடந்ததை வரிசையாகச் சொன்னார்: வாடியது, தண்ணீர் ஊற்றினேன், தெளியவில்லை, காலையும் மாலையும் ஊற்றினேன், சத்து போதவில்லையோ என்று உரம் போட்டேன், அப்புறம் நோயாக இருக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஒரு பூஞ்சைக்கொல்லியும் அடித்தேன். தொட்டியைச் சாய்த்துச் செடியை மண்ணோடு வெளியே எடுத்தபோது அடிமண் சேறாக இருந்தது, சாக்கடை வாடை அடித்தது. ஒரு வேரை விரலுக்கு நடுவில் வைத்து இழுத்தால் மேல்தோல் அப்படியே உருவிக்கொண்டு வந்து, நடுவில் நூல் மாதிரி ஒன்றுதான் மிஞ்சியது. அது வேரழுகல். அவர் அக்கறையில் எந்தக் குறையும் இல்லை, அந்த அக்கறைதான் தண்ணீராகப் போய்த் தேங்கியிருந்தது.

வேருக்கும் ஆக்ஸிஜன் வேண்டும். மண்துகள்களுக்கு நடுவே இருக்கும் சின்னச் சின்ன இடைவெளிகளில்தான் காற்று இருக்கிறது, எந்நேரமும் தண்ணீர் நிறைந்திருந்தால் அந்தக் காற்று வெளியேறிவிடும், மூச்சு முட்டிய வேர் தண்ணீரை உறிஞ்சும் வேலையை நிறுத்திவிடும். அதனால்தான் ஈர மண்ணில் நிற்கும் செடியும் வறண்ட மண்ணில் நிற்கும் செடியும் ஒரே மாதிரி வாடுகின்றன. பலவீனமான வேரை பித்தியம், பைட்டோப்தோரா போன்ற நீர்விரும்பிக் கிருமிகள் பிடித்துக்கொண்டால் அப்புறம் செடியைக் காப்பாற்றுவது கடினம். நல்ல வேர் வெள்ளையாகவோ வெளிர் நிறமாகவோ, தொட்டால் உறுதியாக இருக்கும். பழுப்பாகி வழுவழுவென்று இருந்தால் அழுகத் தொடங்கிவிட்டது என்று பொருள். அப்படிப்பட்ட செடிக்கு உரம் போடாதீர்கள், உரத்திலுள்ள உப்புச் சுமை மிச்ச வேரையும் கருக்கிவிடும்.

சரி, எப்போது தண்ணீர் ஊற்றுவது? கடிகாரம் பார்த்து ஊற்றாதீர்கள். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், அங்கே ஈரம் இருந்தால் இன்றைக்கு வேண்டாம். கோகோபீட், அதாவது தேங்காய் நார்த்தூள், கலந்த மண்ணில் மேலே தொட்டால் காய்ந்த மாதிரியே இருக்கும், அடியில் சொட்டச்சொட்ட ஈரம் நிற்கும், அதனால் மேற்பரப்பை நம்பவே வேண்டாம். தூக்கக்கூடிய தொட்டி என்றால், தண்ணீர் ஊற்றியவுடன் ஒருமுறை தூக்கிப் பாருங்கள், இரண்டு நாள் கழித்து மறுபடி தூக்குங்கள், ஒரு வாரத்தில் கையே எடையைப் பழகிவிடும். ஊற்றும்போது அடித்துளை வழியாக வடியும் வரை நன்றாக ஊற்றுங்கள், கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் தெளிப்பது வேரை மேலேயே நிறுத்திவிடும். அடியில் தட்டு வைத்திருந்தால் வடிந்த தண்ணீரை அரை மணி நேரத்தில் கொட்டிவிடுங்கள். செடிக்காக மட்டும் சொல்லவில்லை, தேங்கிய நீரில் கொசு முட்டை முழுக்கொசுவாக வெப்பமான நாட்களில் ஒரு வாரம், பத்து நாள் போதும்.

இன்னொன்று, கடும் வெயில் நேரத்தில் பெரிய இலைச் செடிகள் தற்காலிகமாகத் துவளும், பூசணி வகைகளும் தக்காளியும் இதை அடிக்கடி செய்யும். மாலையில் தானாக நிமிர்ந்துவிட்டால் அது நோயும் இல்லை, தாகமும் இல்லை. காலையிலேயே துவண்டு நின்றால்தான் கவலைப்பட வேண்டும்.

தொட்டியின் அடியில் கல்லும் ஓட்டுச்சில்லும் ஒரு அடுக்கு போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் நடப்பது எதிர்மாறு. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளியுள்ள கல்லுக்குள் தண்ணீர் எளிதில் இறங்காது, மேலே இருக்கும் மண் முழுதாக ஊறிய பிறகுதான் இறங்கும், ஆக அந்தச் சேற்று அடுக்கு வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடுகிறது. துளை அடைபடாமல் இருக்க ஒரே ஒரு சில்லு போதும், மிச்ச ஆழத்தை மண்ணுக்குக் கொடுங்கள். கீரைக்கு 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழம் போதும், தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு 30 சென்டிமீட்டராவது வேண்டும். ஆழமில்லாத தொட்டியில் தக்காளியை வைத்துவிட்டு வெயில் நாட்களில் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றி அல்லாடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும், அந்த உழைப்பைப் பெரிய தொட்டி ஒன்று மிச்சப்படுத்தியிருக்கும்.

தக்காளியின் அடிப்பகுதி மட்டும் கறுத்துக் குழிந்து போகிறதா? அது பூஞ்சை நோய் இல்லை, மருந்து அடித்தும் பயனில்லை. காயின் நுனிக்குக் கால்சியம் போய்ச் சேராததால் வருவது. மண்ணில் பெரும்பாலும் கால்சியம் இருக்கும், அதைத் தண்ணீர்தான் சுமந்துகொண்டு போக வேண்டும், நான்கு நாள் காயவிட்டு ஐந்தாம் நாள் வெள்ளமாக ஊற்றினால் அந்த ஓட்டம் அறுந்துவிடுகிறது. முட்டை ஓட்டுத்தூளைப் போடுகிறவர்கள் போடட்டும், ஆனால் அது மட்க மாதக்கணக்கில் ஆகும், இந்தக் காய்க்கு உதவாது. மண்மேல் காய்ந்த இலைகளையோ வைக்கோலையோ பரப்பி ஈரத்தைச் சீராக வைத்தால் அடுத்துவரும் காய்கள் நன்றாக வரும்.

மூலிகைகளில் எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் நடுவது பெரிய தவறு. புதினா ஈரத்தை விரும்பும், அது ஓடுதண்டு விட்டு மற்றதை அமுக்கிவிடும், அதனால் அதற்குத் தனித் தொட்டி கட்டாயம். ரோஸ்மேரியும் தைமும் காய்ந்த மண்ணில்தான் நிம்மதியாக இருக்கும். கொத்தமல்லிக்கு நீளமான ஆணிவேர், பிடுங்கி நட்டால் பிடிக்காது, விதையை இரண்டாக உடைத்து வளரும் இடத்திலேயே நேரடியாகத் தூவுங்கள். வெப்பம் கூடினால் சீக்கிரம் பூவெடுத்துவிடும், அதைத் தடுக்கப் போராடாமல் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக விதைத்துக்கொண்டே இருந்தால் தட்டுப்பாடு வராது.

செடியைப் பிடுங்கும்போது வேரைப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டால் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அவரை, பீன்ஸ் வேரில் சின்னச் சின்ன உருண்டைகளைப் பார்த்துவிட்டு நோய் என்று பயந்து எல்லாச் செடியையும் பிடுங்கி எறிந்த ஒருவரை எனக்குத் தெரியும். அவை காற்றிலிருந்து நைட்ரஜனைச் செடிக்குப் பிடித்துக்கொடுக்கும் பாக்டீரியாக்களின் வீடு. வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும், நகத்தால் எளிதில் உதிரும், கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். தக்காளி, கத்தரி வேரே அங்கங்கே வீங்கி முடிச்சு முடிச்சாக இருந்து, உதிர்க்கவும் வராவிட்டால்தான் அது நூற்புழு, அதாவது வேருக்குள் புகுந்து வாழும் நுண்புழு, செய்த வேலை. அந்த மண்ணில் அடுத்த முறையும் தக்காளி, கத்தரி வைக்காதீர்கள்.

இலைகள் மட்டும் தழைத்துப் பூக்கவே இல்லையா? உரத்தில் நைட்ரஜன் கூடியிருக்கும், அல்லது வெயில் குறைவு. காய்க்கும் செடிக்கு ஒரு நாளில் ஆறு மணி நேர நேரடி வெயிலாவது வேண்டும், கீரைகள் மூன்று நான்கு மணி நேரத்தில் சமாளித்துக்கொள்ளும். எரு போடுவதிலும் கவனம் வேண்டும். மட்காத சாணத்தை, பச்சையாகச் சாப்பிடும் கீரைக்கும் மூலிகைக்கும் பக்கத்தில் போடவே கூடாது, அதில் ஈகோலி, சால்மோனெல்லா போன்ற கிருமிகள் உயிரோடு இருக்கலாம். பச்சைச் சாணம் போட்ட மண்ணில், மண்ணைத் தொட்டு வளரும் பயிரை அறுக்க 120 நாளாவது இடைவெளி விடுங்கள். நன்றாக மட்கிய எருவில் சாண வாடையே இருக்காது, மழை பெய்த மண் வாசனைதான் வரும். பழைய ரசாயன டப்பாவில் எதையும் நடாதீர்கள், கழுவினாலும் வேண்டாம். பெயிண்ட் உதிரும் பழைய சுவரை ஒட்டிய மண்ணிலும் கீரை வேண்டாம், பழைய பெயிண்டில் ஈயம் இருந்திருக்கலாம், அது மண்ணில் அப்படியே தங்கிவிடும்.

பூச்சிக்கு வருவோம். எல்லாச் சுருட்டலுக்கும் ஒரே மருந்து கிடையாது. மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன், இரண்டாவது சிலந்தி வகையைச் சேர்ந்தது, பூச்சி இனமே இல்லை என்பதால் பல பூச்சிக்கொல்லிகளுக்கு அது அசையாது. செடியின் சாற்றை உறிஞ்சும் சின்னப் பூச்சியான அசுவினி கொஞ்சமாக இருந்தால் இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே பாதி போய்விடும். பக்கத்தில் கறுப்பும் ஆரஞ்சுமாக, குட்டி முதலை மாதிரி ஒரு புழு ஊர்ந்தால் கொன்றுவிடாதீர்கள், அது பொறிவண்டின் குஞ்சு, அசுவினிதான் அதன் சாப்பாடு. அதற்கும் அடங்கவில்லை என்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய சில சொட்டு மென்மையான திரவ சோப்பு, இதை முதலில் ஓர் இலையில் மட்டும் அடித்து ஒரு நாள் பார்த்துவிட்டு, வெயில் தாழ்ந்த பிறகு முழுச் செடிக்கும் அடியுங்கள்.

வீட்டுக்குள் கொசுவுக்கும் கரப்பானுக்கும் அடிக்கும் மருந்தைச் செடியில் அடிக்கிறார்கள், அது சாப்பிடும் பயிருக்கானது அல்ல. பெயர் ஒட்டாத சின்னப் பாட்டிலில் யாரோ ஊற்றிக் கொடுத்த மருந்தையும் தொடாதீர்கள், என்ன மருந்து, எவ்வளவு கலக்க வேண்டும் என்று உங்களுக்கும் தெரியாது, ஏதாவது ஆனால் மருத்துவருக்கும் சொல்ல முடியாது. முறையான மருந்தாகவே இருந்தாலும் அடித்த பிறகு எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று லேபிளில் போட்டிருக்கும், அதைப் படிக்காமல் மூடியைத் திறக்கக் கூடாது. வீட்டுத் தோட்டத்தில் குழந்தைகள் செடியிலிருந்தே பறித்து வாயில் போட்டுக்கொள்வார்கள். மருந்து அடித்த அன்றே, அடித்த தேதியையும் பறிக்கலாம் என்ற தேதியையும் ஒரு சீட்டில் எழுதி, அந்தச் செடியிலேயே கட்டித் தொங்கவிடுங்கள், வீட்டில் எல்லோருக்கும் சொல்லியும் வையுங்கள்.