கொலுசு தாளில் ஏறும் வழி

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிப்பட்டறைக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். யாரிடம் எத்தனை கிராம் வெள்ளி போனது, கொலுசாகத் திரும்பி வந்தது எவ்வளவு, சேதாரம் எவ்வளவு, கூலி பாக்கி எவ்வளவு எல்லாம் திரையில் சரியாகவே வந்தன. பட்டறைக்காரர் பார்த்துவிட்டு, "எல்லாஞ் சரிங்க தம்பி, சாயங்காலம் ஆளுக்கொரு சீட்டு கையில குடுக்கணுமே, அது எங்க?" என்று கேட்டார். "ஒரு பட்டன் வெச்சுத் தர்றேங்கண்ணா" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தப் பட்டனுக்கு மூன்று வாரம் ஆனது.

நான் எழுதியது சி மொழியில். அந்த மொழிக்குத் தாள் என்றால் என்னவென்றே தெரியாது. 'பிரிண்ட்எஃப்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. ஆனால் அது எழுத்துகளைத் திரைக்குத்தான் அனுப்பும். பைத்தானின் 'பிரிண்ட்'டும் அப்படித்தான். கோ, ரஸ்ட் போன்ற புதிய மொழிகளின் அடிப்படை நூலகங்களிலும் (ஆயத்த நிரல் தொகுப்புகளிலும்) அச்சுப்பொறிக்கென்று எதுவும் கிடையாது. இதை நான் குறையாக நினைக்கவில்லை. மொழி பைட்டுகளை, அதாவது 0 முதல் 255 வரையான எண்களை, வரிசையாக வெளியே தள்ளும். அவை எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதை விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளம் பார்த்துக்கொள்ளும். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்தின் காலத்திலிருந்தே 'எல்பிடி1' என்ற பெயரில் ஒரு கோப்பைத் திறந்து எழுதினால், எழுதியது இணைப்போர்ட்டில் (பேரலல் போர்ட்) மாட்டிய அச்சுப்பொறிக்குப் போகும். லினக்ஸில் 'எல்பி0' என்ற சாதனக் கோப்பு அதே வேலையைச் செய்கிறது. கோப்பில் எழுதத் தெரிந்த எந்த மொழிக்கும் தாளில் எழுதத் தெரியும்.

கம்பி வழியே போவது வெறும் எண்கள். 65 என்று அனுப்பினால், டாட் மேட்ரிக்ஸ் பொறி தன் நினைவகத்தில் ஆங்கில 'ஏ' எழுத்துக்கு உரிய புள்ளி வடிவத்தைத் தேடி எடுத்து, ரிப்பன் மேல் ஊசிகளால் தட்டும். அங்குலத்துக்கு 10 எழுத்து, 8 அங்குல அகலத்துக்கு 80 எழுத்து. கீழ்நோக்கி அங்குலத்துக்கு 6 வரி. சில எண்கள் எழுத்தாக வராமல் கட்டளையாக வேலை செய்யும். 10 வந்தால் அடுத்த வரி, 12 வந்தால் அடுத்த பக்கம். 27 வந்தால், 'இனி வருவது கட்டளை, கவனி' என்று பொருள். 27, 69 என்று சேர்த்து அனுப்பினால் தடித்த எழுத்து. 27, 70 அனுப்பினால் மறுபடி சாதாரண எழுத்து. எப்சன் வகுத்த இந்தக் கட்டளைத் தொகுதியை மற்ற நிறுவனப் பொறிகள் பலவும் புரிந்துகொள்கின்றன.

முதல் சோதனையில் ஆங்கிலத்திலேயே அடித்துப் பார்த்தேன். முதல் பக்கம் அழகாக வந்தது. இரண்டாம் பக்கத்தின் தலைப்பு ஓர் அங்குலம் மேலே ஏறி, முதல் தாளின் அடியிலேயே விழுந்தது. மூன்றாவது இரண்டு அங்குலம் ஏறியது. பொறி பக்கத்துக்கு 11 அங்குலம், அதாவது 66 வரி என்று வைத்திருந்தது. நான் மாட்டியிருந்த தொடர்தாளோ 12 அங்குலம், 72 வரி. தாள் எங்கே முடிகிறது என்பது பொறிக்குக் கண்ணால் தெரியாது. தான் நகர்த்திய வரிகளை எண்ணித்தான் பக்கத்தைக் கணக்கிடுகிறது. 27, 67, 72 என்ற மூன்று எண்களைத் தொடக்கத்திலேயே அனுப்பிய பிறகு தலைப்பு இடத்தில் நின்றது. பக்கம் என்பதே நிரல் எழுதுபவர் வைக்கும் கணக்குதான் என்று அன்றைக்கு உறைத்தது. எத்தனையாவது வரியில் நிறுத்துவது, அதுவரை வந்த கூட்டுத்தொகையை அடியில் போட்டு அடுத்த பக்கத் தலையில் எப்படித் தொடங்குவது, தலைப்பை எங்கே திரும்ப அடிப்பது, எல்லாவற்றையும் நாமே எண்ண வேண்டும்.

தமிழில் அடிக்கத் தொடங்கியதும் வேறு கதை ஆகிவிட்டது. பட்டறையில் அதிகம் புழங்கும் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள்: கொலுசு. கண்ணுக்கு மூன்று எழுத்து. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் க, ஒகரக் குறி, ல, உகரக் குறி, ச, உகரக் குறி என்று ஆறு. அந்த எண்களைப் பைட்டுகளாக மாற்றும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக 18. பைத்தானில் நீளம் கேட்டால் 6 என்கிறது, சி 18 என்கிறது. பொறிக்குப் போனதும் 18 பைட்டுகள். தன் அட்டவணையில் அவற்றுக்கு என்ன இருந்ததோ அதை அடித்து வைத்தது. 'கொலுசு' இருக்க வேண்டிய இடத்தில் சம்பந்தமே இல்லாத குறிகள் நீண்டு, பக்கத்திலிருந்த எடையை வலப்புறம் தள்ளிவிட்டன.

பொறிக்குத் தமிழ் எழுத்துரு கொடுத்தாலும் போதாது. ஒகரக் குறி ககரத்துக்கு இருபுறமும் பிரிந்து நிற்க வேண்டும். லகரத்தோடு உகரம் சேர்ந்தால் 'லு' என்று ஒரே உருவாக வேண்டும். சகரத்தோடு சேர்ந்தால் 'சு'வின் வளைவு வேறு மாதிரி. இந்தச் சேர்க்கையைச் செய்வதற்கென்றே ஹார்ஃப்பஸ் போன்ற எழுத்து வடிவமைப்பு நிரல்கள் இருக்கின்றன. குரோமிலும் பயர்ஃபாக்ஸிலும் நாம் தமிழ் படிப்பது அதன் உதவியால்தான்.

ஆகவே ஒரே வழி, சொல்லை முதலில் படமாக்கி, பிறகு படத்தை அனுப்புவது. 24 ஊசிப் பொறியில் ஊசிகள் மேலிருந்து கீழாக நிற்கின்றன. எந்த ஊசி அடிக்க வேண்டும், எது சும்மா இருக்க வேண்டும் என்பதற்கு ஊசிக்கு ஒரு பிட், 24 ஊசிக்கு மூன்று பைட். அங்குலத்துக்கு 180 நெடுவரிசை, 8 அங்குலத்துக்கு 1440. எனவே ஊசிகள் ஒருமுறை குறுக்கே போய் அடிக்கும் ஒரு பட்டைக்கு 4320 பைட். ஆங்கில வரி ஒன்றுக்கு 80 பைட்டே போதும். ஒவ்வொரு பட்டைக்கு முன்னும் 27, 42, 39, 160, 5 என்று அனுப்ப வேண்டும். கடைசி இரண்டும்தான் 1440: ஐந்து 256-களும் ஒரு 160-உம்.

அனுப்பினேன். தலைப்பு அருமையாக வந்தது. நடுவே ஒரு வரி மட்டும் பாதியில் சிதைந்தது. அதைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. விண்டோஸில் கோப்பை உரை முறையில் திறந்திருந்தேன். அந்த முறையில் 10 என்ற எண்ணைக் கண்டால் 'வரி முடிவு' என்று எண்ணி அதன் முன்னால் 13-ஐச் செருகிவிடும். என் படத்தில் ஏதோ ஒரு வளைவின் புள்ளிகள் தற்செயலாக 10 ஆக அமைந்திருந்தன. கூடுதலாக நுழைந்த அந்த ஒரு பைட், பின்னால் வந்த அத்தனையையும் ஓரிடம் தள்ளிவிட்டது. மேல் ஊசிக்குரியது நடு ஊசிக்குப் போனது. கோப்பைத் திறக்கும் கட்டளையில் இரும முறை என்பதற்கான 'பி' என்ற ஓர் எழுத்தைச் சேர்த்ததும் சரியானது.

புதிதாகத் தொடங்குபவர் இவ்வளவு தூரம் இறங்க வேண்டியதில்லை. அறிக்கையை, வலைப்பக்கம் எழுதும் எச்டிஎம்எல் மொழியில் அட்டவணையாக எழுதி, உலாவியைக் கொண்டு பிடிஎஃப் ஆக்கி அனுப்பிவிடலாம். அட்டவணைத் தலைப்பை ஒவ்வொரு பக்கத்திலும் உலாவியே திரும்பப் போடும். பிடிஎஃப் ஆக்கும் நூலகத்தை நேரடியாகப் பயன்படுத்தினால் மட்டும், அதற்குத் தமிழைச் சேர்க்கத் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். தெரியாவிட்டால் ஒகரக் குறி உடைந்து தனியே நிற்கும்.

அந்தப் பட்டறை இன்னும் டாட் மேட்ரிக்ஸை விடவில்லை. ஊசி தட்டுவதால் கார்பன் வைத்து ஒரே அடியில் இரண்டு பிரதி எடுக்கலாம். வேலைக்காரருக்கு ஒன்று, பட்டறைக்கு ஒன்று. எழுத்துகளை எண்ணி எடையை ஒழுங்குபடுத்தும் பழைய வழியைக் கைவிட்டுவிட்டேன். எடையின் அகலத்தைப் புள்ளிகளில் அளந்து, வலது ஓரத்திலிருந்து அத்தனை புள்ளி உள்ளே தள்ளி வரைகிறேன். கொலுசு, மெட்டி, அரைஞாண் என்று இடப்பக்கம் எந்தச் சொல் வந்தாலும், வலப்பக்கம் கிராம்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நேர்கோட்டில் நிற்கின்றன.