எடையைக் குறைத்தும் மைலேஜ் ஏன் ஏறவில்லை?

கீழக்கரையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வளைகுடா நாட்டிலிருந்து ஊர் திரும்பிய அவருடைய அண்ணன், குடும்பத்தோடு ஊர் ஊராகப் போய்த் தங்குவதற்காக, காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் சிறிய கேரவன் ஒன்றைச் செய்துகொண்டாராம். ஃபைபர் படகு கட்டும் பட்டறையிலேயே தட்டையான பலகைகளாக வார்த்து, இரும்புச் சட்டத்தில் பெட்டிபோல் பொருத்தியது. காலியாக நிறுத்தினால் எடை 550 கிலோ. “டீசல் மிச்சமாகும் என்று பார்த்துப் பார்த்து எடையைக் குறைத்தோம். ஆனால் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்த வண்டி, கேரவனை மாட்டியதும் 9-க்கு இறங்கிவிட்டது. ஆடி மாதம் தனுஷ்கோடி போய்வந்தோம். போகும்போது பரவாயில்லை, திரும்பும்போது அதைவிட மோசம். என்ஜினில் கோளாறா? டீசல் குழாயில் காந்தம் மாட்டச் சொல்கிறார்கள், மாட்டலாமா?” என்று கேட்கிறார். கடிதத்தின் ஓரத்தில் இன்னொரு வரியும் உண்டு: “கேரவனின் முன்பக்கம் சுத்தமாக இருக்கிறது. பின்கதவில்தான் எப்போதும் மணல் படிகிறது.”

அந்த ஓர வரியில் பாதி விடை இருக்கிறது. முதலில் எடையின் கணக்கை முடித்துவிடுவோம்.

சமதளத்தில் ஒரே வேகத்தில் ஓடும் வண்டிக்கு எடையால் வரும் தொல்லை ஒன்றே ஒன்றுதான்: டயர் நசுங்கி நிமிர்வதில் வீணாகும் ஆற்றல். இதை உருளும் தடை என்பார்கள். நல்ல தார்ச்சாலையில், சரியாகக் காற்றடித்த டயருக்கு, இது எடையில் நூற்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். சாமான்களோடு கேரவன் 700 கிலோ என்று வைத்துக்கொண்டால், விசையின் அலகில் சுமார் 80 நியூட்டன். 100 கிலோவைக் கஷ்டப்பட்டுக் குறைத்தாலும் மிச்சமாவது 12 நியூட்டன். 100 கிலோமீட்டர் ஓடினால் 100 மில்லி டீசல். கொடைக்கானல் மலைப்பாதை என்றால் கதை வேறு. அங்கே 700 கிலோவை 1000 மீட்டர் உயரம் ஏற்றுவதற்கு மட்டுமே அரை லிட்டருக்கு மேல் செலவாகும். ராமநாதபுரம் மாவட்டத்தில் ஏற ஒரு மேடு கிடையாது. பரமக்குடியிலிருந்து அரிச்சல்முனை வரை தரை பலகைபோல் கிடக்கிறது. எடை குறைந்த கேரவனுக்கு இந்தச் சாலைகள் தரும் பரிசு மிகச் சிறியது.

மீதி எல்லாம் காற்று. மணிக்கு 80 கிலோமீட்டரில், இரண்டு மீட்டர் அகலமும் இரண்டரை மீட்டர் உயரமும் உள்ள ஒரு பெட்டி, அதில் ஒரு பகுதி காரின் மறைவில் ஒளிந்திருந்தாலும், நானூறு நியூட்டனுக்கு மேல் கூடுதல் தடையைக் கொண்டுவரும். உருளும் தடையையும் சேர்த்து 500 என்று வைப்போம். 500 நியூட்டன் தடையை எதிர்த்து 100 கிலோமீட்டர் இழுக்க 50 மெகாஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் டீசலில் உள்ள ஆற்றல் சுமார் 36 மெகாஜூல். அதில் மூன்றில் ஒரு பங்குதான் சக்கரம் வரை வந்து சேர்கிறது. ஆக, 100 கிலோமீட்டருக்கு நான்கு லிட்டருக்குச் சற்று அதிகம். கார் தனக்காகக் குடிப்பது ஆறேமுக்கால் லிட்டர். கூட்டினால் பதினொன்று, அதாவது லிட்டருக்கு 9 கிலோமீட்டர். வாசகர் எழுதிய எண்ணும் அதுவே. என்ஜின் நன்றாகத்தான் இருக்கிறது.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. காற்று ஒரு பெட்டியை எப்படித் தடுக்கிறது?

முகப்பில் மோதும் காற்று அங்கே நின்று அழுத்துகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். நின்ற காற்று எங்காவது போயாக வேண்டுமே. நடுவிலிருந்து ஓரத்துக்கு வழிந்து, மூலையில் திரும்பி, பக்கச் சுவரை ஒட்டிப் பின்னோக்கிப் போகப் பார்க்கிறது. அந்தத் திருப்பத்தில்தான் அதிசயம் நடக்கிறது. ஓடும் எதுவும் தானாக வளையாது. வளைக்க ஒரு விசை வேண்டும். காற்று வளைய வேண்டுமானால், வளைவின் உட்பக்கத்தில் அழுத்தம் வெளிப்பக்கத்தைவிடக் குறைந்திருக்க வேண்டும். உட்பக்கம் என்பது கேரவனின் தோள். எனவே, தோள் உருண்டையாக இருந்தால் அதன் மேல் அழுத்தம் சுற்றுப்புறக் காற்றைவிடக் கீழே இறங்குகிறது. குறைந்த அழுத்தம் தோளை வெளிநோக்கி உறிஞ்சுகிறது. அந்த உருண்டையின் பரப்பு பாதி பக்கவாட்டையும் பாதி முன்னையும் பார்த்திருப்பதால், உறிஞ்சலில் ஒரு பங்கு கேரவனை முன்னோக்கி இழுக்கிறது! நடுமுகத்தில் பின்னுக்குத் தள்ளும் அதே காற்று, தோளில் முன்னுக்கு இழுக்கிறது. தோள் நன்றாக உருண்டிருந்தால் இரண்டும் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். முகப்பினால் வரும் தடை ஏறக்குறைய இல்லாமலே போகும்.

கூர் மூலையில் இந்த உதவி கிடைப்பதில்லை. காரணம் எளிது: உறிஞ்சப்படுவதற்கு முன்னோக்கிய பரப்பே அங்கு இல்லை. காற்றாலும் அந்த மூலையில் சட்டென்று திரும்ப முடியாது. பிய்த்துக்கொண்டு வெளியே பாய்கிறது. பெட்டியின் பக்கச் சுவருக்கும் ஓடும் காற்றுக்கும் இடையே சுழல்கள் நிறைகின்றன. பெட்டி தன் அகலத்தைவிட அகலமானதுபோல் காற்றுக்குத் தெரிகிறது.

இதை 1970-களில் நாசா பொறியாளர்கள் கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் சோதித்துப் பார்த்தார்கள். சோதனைக்கு அவர்கள் எடுத்துக்கொண்டது ஒரு பழைய டெலிவரி வேன். அதைச் சுற்றி அலுமினியத் தகடு அடித்து, எல்லா மூலைகளும் செங்கோணமான பெட்டியாக்கி ஓட்டினார்கள். பிறகு மூலைகளை மட்டும் உருட்டி மறுபடி ஓட்டினார்கள். காற்றுத் தடை பாதிக்கும் மேல் குறைந்தது. உள்ளே இழந்த இடமோ மிகச் சொற்பம். என்ஜினில் கை வைக்கவில்லை, எடையைக் குறைக்கவில்லை.

பின்கதவு மணலுக்கு வருவோம். பக்கச் சுவரை ஒட்டிவரும் மெல்லிய காற்றுப் படலம், உராய்வினால் ஏற்கெனவே களைத்திருக்கிறது. 1904-இல் ஹைடல்பெர்க் நகரில் நடந்த கணித மாநாட்டில் லுட்விக் பிராண்டல் என்ற ஜெர்மானியர் ஒரு சிறு கட்டுரையில் இந்தப் படலத்தை விளக்கினார். விமானவியல் முழுவதும் அதன் மேல் எழுந்தது. களைத்த படலத்தால் பின்மூலையில் உள்நோக்கித் திரும்பிக் கதவுக்குப் பின்னுள்ள வெற்றிடத்தை நிரப்ப முடிவதில்லை. அங்கே ஒரு தாழ் அழுத்தக் குழி உண்டாகிறது. குழியில் காற்று சுழன்று, வண்டி போகும் திசையிலேயே கதவை நோக்கித் திரும்பி வருகிறது. சாலையில் கிளம்பிய மணலையும் கூட்டிவந்து கதவில் ஒட்டுகிறது. தட்டையான பின்பக்கம் உள்ள ஃபைபர் படகை மெதுவாக ஓட்டும்போது பின்பலகையை ஒட்டித் தண்ணீர் கூடவே சுருண்டு வருமே, அதுதான் இங்கே காற்றில் நடக்கிறது. கதவில் மணல் படியும் இடமெல்லாம் காற்று கேரவனைப் பின்னுக்கு இழுக்கும் இடம். வால் குறுகக் குறுக இந்தக் குழி சிறுக்கும். ஒரு வடிவம் காற்றை எவ்வளவு தடுக்கிறது என்பதைச் சொல்லும் எண்ணைத் தடைக் குணகம் என்பார்கள். ஒரு கனசதுரத்துக்கு அது ஒன்றுக்குச் சற்று மேல். உருண்ட முகமும் நீண்டு குறுகிய வாலும் கொண்ட நீர்த்துளி வடிவத்துக்கு 0.05-க்கும் கீழே போகும். இருபதில் ஒரு பங்கு!

இதனால்தான் கீழக்கரை அண்ணனுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ஃபைபரின் பெருமையை அவர் எடையில் தேடியிருக்கிறார். பிளைவுட்டையும் தகட்டையும் எல்லாப் பக்கமும் உருட்டுவது கடினம். ஃபைபரை எந்த வளைவிலும் வார்க்கலாம். படகின் முகப்பை இழைத்து இழைத்து அச்சு எடுக்கும் கைகள் மண்டபத்திலும் பாம்பனிலும் இருக்கின்றன. அந்தக் கைகளிடம் தட்டைப் பலகை கேட்டது பெரிய இழப்பு. முன்பக்கத்து நான்கு விளிம்புகளையும் ஒரு சாண் அளவுக்கு உருட்டித் தரச் சொல்லுங்கள். அதனால் ஐந்தாறு கிலோ கூடினாலும் கூடட்டும்.

போகும்போது ஒரு மைலேஜ், வரும்போது ஒரு மைலேஜ் ஏன்? தடை என்பது தரை மேல் உள்ள வேகத்தைப் பார்ப்பதில்லை, காற்றுக்கு எதிரான வேகத்தையே பார்க்கிறது. அதுவும் வேகத்தின் வர்க்கமாக ஏறும். மணிக்கு 80-இல் போகும்போது எதிரே 20 கிலோமீட்டர் காற்று வீசினால், காற்றுக்கு நீங்கள் 100-இல் போகிறீர்கள். தடை ஒன்றரை மடங்குக்கும் மேல். ஆடி மாதம் கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து வீசும். ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் போகும் சாலை கிழக்கு நோக்கியது. போகும்போது காற்று பின்னால் இருந்து சற்றுத் தள்ளிவிட்டது. திரும்பும்போது முகத்தில் அடித்தது. வாடைக்காற்று வீசும் மார்கழியில் போயிருந்தால் கணக்கு தலைகீழாகியிருக்கும்.

நேர் பக்கவாட்டில் வீசும் காற்றும் சும்மா விடாது. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டியின் விலாவில் 40 கிலோமீட்டர் காற்று அடித்தால், இரண்டும் சேர்ந்து சுமார் 72 கிலோமீட்டர் வேகக் காற்றாகச் சாய்வாக வந்து மோதும். முன்னேற்றத்தைத் தடுக்கும் விசை இந்த ஒரு காரணத்தாலேயே ஐந்தில் ஒரு பங்கு கூடும். சாய்ந்து வரும் காற்று காருக்கும் கேரவனுக்கும் இடையிலுள்ள சந்தில் புகுந்து, கார் கொடுத்த மறைவையும் கெடுத்துவிடும். பாம்பன் சாலைப் பாலத்தில் இருபுறமும் கடல். காற்றின் வேகத்தை உடைக்க ஒரு பனை, ஒரு வேலிக்கருவேலம் கிடையாது. பழைய ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவைத்த இடம் அது. மைலேஜை விடுங்கள், எடை குறைந்த உயரமான கேரவன் அங்கே வாலாட்டத் தொடங்கினால் காரையும் சேர்த்து இழுக்கும். கேரவன் எடையில் பத்தில் ஒரு பங்காவது கொக்கியின் மேல் இறங்கும்படி சாமான்களை முன்பக்கமாக அடுக்க வேண்டும். வேகத்தை முன்கூட்டியே குறைத்துக்கொண்டு பாலம் ஏற வேண்டும். கச்சான் உரக்க வீசும் பிற்பகலில் மண்டபத்திலேயே நின்று தேநீர் குடிப்பது உத்தமம்.

காந்தம் வேண்டாம். டீசல் காந்தத்துக்கு மசியும் பொருளே அல்ல. காந்தப் புலத்தில் அதன் மூலக்கூறுகள் ‘ஒழுங்காக அடுக்கப்பட்டு நன்றாக எரியும்’ என்பது வெறும் கதை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதுபோன்ற எரிபொருள் சேமிப்புக் கருவிகளை நூற்றுக்கும் மேல் பரிசோதித்தது. மிகப் பெரும்பாலானவற்றால் எந்தப் பயனும் இல்லை. உழைத்துச் சேர்த்த பணத்தை இப்படிப் பறிப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. எலுமிச்சம்பழம் கட்டுபவர் மைலேஜ் ஏறும் என்று யாரிடமும் பணம் வாங்குவதில்லை. காந்தம் விற்பவர் அறிவியலின் பெயரைச் சொல்லி ஏமாற்றுகிறார். அதனால் அவர் மேல் கோபம் கூடுதல்.

கோபத்தோடு ஓர் ஆதங்கமும் உண்டு. நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் லாரிகளுக்குக் கூடு கட்டுகிறார்கள், கரூரில் பஸ்ஸுக்குக் கட்டுகிறார்கள். நாடு முழுவதும் ஓடும் அந்தக் கூடுகளின் மூலைகளை எவ்வளவு உருட்டினால் எத்தனை லிட்டர் மிச்சம் என்று சொல்ல, நம்மிடம் காற்றுச் சுரங்கங்கள், அதாவது மாதிரியை நிறுத்தி அதன்மேல் காற்றை ஓடவிட்டுச் சோதிக்கும் கூடங்கள், இருக்கின்றன. சென்னை தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையத்தில் ஒன்று உண்டு. சிறு பட்டறைக்காரர் ஒருவர் தன் மாதிரியைக் கொண்டுபோய்க் குறைந்த கட்டணத்தில் சோதித்துவர அரசு நிதி ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நாசாவின் அந்தச் சோதனைக்குத் தேவைப்பட்டதெல்லாம் பழைய வேன், தகடு, நீளமான சமதளச் சாலை. நமது பொறியியல் கல்லூரிகளுக்கு இதில் எது எட்டாத பொருள்?

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். கம்பளி நூலைக் கையளவு துண்டுகளாக வெட்டி, ஒரு முனையை மட்டும் ஒட்டுநாடாவால் கேரவனின் பக்கச் சுவரிலும் மேற்கூரை ஓரத்திலும் வரிசையாக ஒட்டுங்கள். பின்னால் வரும் இன்னொரு காரில் உட்கார்ந்து தம்பி கைபேசியில் படம் பிடிக்கட்டும். நூல் சுவரோடு படிந்து பின்னோக்கிக் கிடந்தால் காற்று ஒட்டி ஓடுகிறது. நூல் துள்ளினாலோ முன்பக்கம் பார்த்துத் திரும்பினாலோ அங்கே காற்று பிய்ந்துவிட்டது. முன்மூலைக்கு அடுத்த அரை மீட்டரில் நூல்கள் கட்டாயம் துள்ளும். மூலையில் வளைந்த ஃபைபர் துண்டு ஒன்றைத் தற்காலிகமாகப் பொருத்தி மறுபடி ஓட்டிப் பாருங்கள். நூல்கள் அடங்கிப் படிந்தால், அந்த அளவிலேயே அச்சு எடுத்து நிரந்தரமாக வார்த்துக்கொள்ளலாம். கார் கூரையில் காற்றை மேலே திருப்பும் தகடு வைக்கலாமா என்பதையும் இதே நூல்களிடம் கேளுங்கள். சந்தின் நீளத்தையும் உயர வித்தியாசத்தையும் பொறுத்து அது உதவலாம், கெடுக்கவும் செய்யலாம்.

பட்டறைக்குப் போகும் நாள் வரை 80-க்குப் பதில் 60-இல் போங்கள். கேரவனின் காற்றுத் தடை பாதிக்குச் சற்று மேல் என்ற அளவுக்கு இறங்கிவிடும். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் வரை எதிர்பார்க்கலாம். ராமநாதபுரத்திலிருந்து தனுஷ்கோடிக்குக் கூடுதலாக ஆகும் நேரம் அரை மணிக்கும் குறைவுதான்.