ஹொலொதொமோர்: பஞ்சம்னு எழுதாதீங்க

1932-33ல சோவியத் ஆட்சிக்கு கீழ இருந்த உக்ரைன்ல லட்சக்கணக்கான பேரு பட்டினியில செத்தாங்க, அதுக்கு பேருதான் ஹொலொதொமோர். இந்த உக்ரேனிய சொல்ல தமிழ்ல எழுதுறப்போ நிறைய பேரு 'உக்ரைன் பஞ்சம்'னு போட்டுட்டு போயிடுறாங்க, எனக்கு அது மனசுக்கு ஒப்பவே இல்ல.

'ஹொலொத்'னா பசி, பட்டினி. 'மோர்'னா கூட்டம் கூட்டமா சாவுறது, கொள்ளைநோய்ல ஊரே அழியுறதுக்கும் அதான் சொல்லு. நாம சொல்ற மரணம்ங்கிற வடசொல்லுக்கும் இந்த மோருக்கும் வேர் ஒண்ணுதான். நாஜிங்க யூதர்கள கொன்னு குவிச்சத சொல்ற ஹோலோகாஸ்ட்டோட இத முடிச்சு போடுறாங்க, அந்த சொல்லு கிரேக்கம், சம்பந்தமே கிடையாது. முக்கியமானது என்னன்னா மோர் கூடவே 'மொரித்தி'ன்னு ஒரு வினைச்சொல் இருக்கு, ஒருத்தர வாட்டி வதைச்சு சாகடிக்கிறதுன்னு அர்த்தம், உக்ரேனியர் காதுல அதுவும் சேர்ந்துதான் விழும்.

1932-33ல நடந்தது அதானே. வெளைச்சல் குறைஞ்சும் ஸ்டாலின் அரசு கொள்முதல விடல, வீடு வீடா பூந்து இருந்த தானியத்தயும் தூக்கிட்டு போனாங்க. 1932 ஆகஸ்ட் 7ல ஒரு சட்டம், கூட்டுப்பண்ணை வயல்ல கதிர் பொறுக்குனாக்கூட 10 வருஷம் ஜெயில், இல்லன்னா சுட்டுக் கொல்லலாம், ஜனங்க அதுக்கு வச்ச பேரு 'அஞ்சு கதிர் சட்டம்'. அரசுக்கு குடுக்க வேண்டிய தானிய கோட்டாவ முடிக்காத ஊர 'கறுப்புப் பலகை'ல ஏத்திட்டா அந்த ஊர் கடைக்கு சரக்கே வராது. சரி பொழைக்க வேற எங்கயாவது போலாம்னா 1933 ஜனவரி 22 உத்தரவு வந்து விவசாயிங்கள உக்ரைன விட்டு வெளிய போக விடாம மறிச்சுது. தானியம் மட்டும் வெளிநாட்டுக்கு கப்பல் ஏறிட்டே இருந்துச்சு. உக்ரைன்ல மட்டும் செத்தவங்க 35 லட்சத்துலேந்து 39 லட்சம்னு மக்கள்தொகை ஆய்வாளர்கள் கணக்கு சொல்றாங்க.

இதப் போயி எப்படிங்க பஞ்சம்னு சொல்றது? பஞ்சம்னா மழை பொய்ச்சுது, காடு காஞ்சுதுன்னுதான் நமக்கு தோணும், யார் மேலயும் பழி விழாது. 'பட்டினிச்சாவு' கொஞ்சம் பக்கத்துல வருது, ஆனா அதுலயும் கொன்னவன் இல்ல. தமிழ்ல பட்டினி கிடக்குறது வேற, பட்டினி போடுறது வேற, போடுறதுக்கு ஒரு ஆள் வேணும். அதனால 'பட்டினிக்கொலை'தான் சரி.

சோவியத் காலத்துல 'உணவுச் சிரமம்'னு பூசி மெழுகுனாங்க, 1980கள் கடைசிலதான் ஹொலொதொமோர்ங்கிற பேர உக்ரைன்லயே வாய்விட்டு சொல்ல முடிஞ்சுது. அதனால அந்த பேரயும் விட்டுறாதீங்க, கட்டுரைல மொதல்ல ஹொலொதொமோர்னு எழுதி பக்கத்துலயே பட்டினிக்கொலைன்னு போடுங்க.