சிவில் பார்ட்னர்ஷிப் பதியுமுன் பணத்தைப் பேசிவிடுங்கள்

"கல்யாணம், சடங்கு எதுவும் வேண்டாம், சிவில் பார்ட்னர்ஷிப் பதிந்தால் போதும்" என்று எங்களிடம் சட்ட ஆலோசனைக்கு வரும் ஜோடிகளில் பலர், பண விஷயத்திலும் அது கல்யாணத்தைவிட லேசானது என்று நினைத்திருக்கிறார்கள். சிவில் பார்ட்னர்ஷிப் என்பது, கல்யாணம் செய்யாமலே இருவர் தங்கள் உறவைச் சட்டப்படி பதிந்துகொள்வது. இங்கிலாந்து, வேல்ஸ் சட்டத்தில் அப்படி இல்லை. இதற்கான 2004ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் ஒருபால் இணையருக்கு மட்டுமே இருந்தது. 2019 டிசம்பர் 31 முதல் ஆணும் பெண்ணும்கூடப் பதியலாம். யார் பதிந்தாலும் சரி, பிரியும்போது வீடு, சேமிப்பு, பென்ஷன், பராமரிப்புப் பணம் என எல்லாவற்றிலும் விவாகரத்து வழக்கில் உள்ள அதே அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு.

அதனால், ஏற்கெனவே சொத்தோ முந்தைய உறவில் பிள்ளைகளோ இருப்பவர்கள் பிரிந்தால் யாருக்கு எது என்று முன்கூட்டியே ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொள்வது நல்லது. அது நீதிமன்றத்தைக் கட்டிப்போடாது. ஆனால், இருவரும் விளைவு புரிந்து, மனதார ஒப்புக்கொண்டிருந்தால், அநியாயம் எதுவும் இல்லாதவரை அதை மதிக்க வேண்டும் என்று 2010இல் ராட்மாக்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது கல்யாண வழக்கு. சிவில் பார்ட்னர்ஷிப்புக்கும் இதே அளவுகோல்தான். அந்த வழக்கில் கணவர் தனக்கென்று வக்கீல் வைக்கவில்லை, மனைவியின் சொத்துக் கணக்கையும் பார்க்கவில்லை. ஆனாலும் ஒப்பந்தம் நின்றது. இதை எங்கோ படித்துவிட்டு "அப்படியென்றால் நாங்களும் கணக்குக் காட்ட வேண்டாமே?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கணவர் வங்கித் துறையில் இருந்தவர். எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்தே இருந்தது. நாளைக்கு உங்கள் துணையைப் பற்றி அப்படி நிரூபிக்க முடியுமா? கணக்கைக் காட்டிவிடுங்கள். ஆளுக்கொரு சொலிசிட்டரும் வேண்டும். ஒரே ஆள் இருவருக்கும் ஆலோசனை சொல்ல முடியாது.

கணக்கு என்றால் வங்கி இருப்பும் பென்ஷனும் மட்டுமில்லை. நம்மவர்களின் பட்டியலில் விடுபடுவது பெரும்பாலும் ஊரில் சகோதரியோடு கூட்டாக இருக்கும் காணி, லாக்கரில் உள்ள நகை, இன்னும் கட்டி முடிக்காத சீட்டு. கடனையும் எழுத வேண்டும்.

அதிகம் சிக்கல் வருவது வீடு வாங்கும்போது முதலில் கட்டும் டிப்போசிட்டில். பெற்றோர் பணம் தருகிறார்கள். மோர்ட்கேஜ் (வீட்டுக் கடன்) தருபவர் கேட்டதும், "இது அன்பளிப்பு, திருப்பிக் கேட்கமாட்டோம், வீட்டில் பங்கும் கேட்கமாட்டோம்" என்று ஒரு கடிதத்தில் கையெழுத்தும் போடுகிறார்கள். சில வருடம் கழித்து ஜோடி பிரிந்தால், "அது கடன்தானே!" என்று அதே அப்பா அம்மா வருகிறார்கள். அந்தக் கடிதத்தைத்தான் எதிர்த்தரப்பு முதலில் மேசையில் வைக்கும். அன்பளிப்புதான், ஆனால் தங்கள் பிள்ளைக்கு மட்டும் என்றால், அதை இந்த ஒப்பந்தத்தில் எழுதலாம்: வீடு விற்றால் அந்தத் தொகை முதலில் யாருக்குப் போகும், விலை ஏறினால் அந்த ஏற்றம் யாருக்கு என்று. எழுதாமல் விட்டால், இருவரும் சேர்ந்து வாழ்ந்த வீட்டை, யார் பெயரில் இருந்தாலும், பொதுச் சொத்தாகப் பார்ப்பதே நீதிமன்றத்தின் வழக்கம்.

அப்புறம், நாள். மண்டபம் பிடித்து, அழைப்பு அனுப்பிய பிறகு, பதிவுக்கு இரண்டு நாள் முன் "இதில் ஒரு கையெழுத்து" என்று நீட்டினால் அது நெருக்குதலாகத்தான் தெரியும். குறைந்தது 28 நாள் முன்பே கையெழுத்தாகியிருக்க வேண்டும் என்று சட்ட ஆணைக்குழு 2014இல் பரிந்துரைத்தது. அது சட்டமாகவில்லை என்றாலும் நாங்கள் அதைத்தான் பின்பற்றுகிறோம். பதியப்போகிறோம் என்று பதிவு அலுவலகத்தில் முன்னறிவிப்புக் கொடுத்துக் காத்திருக்க வேண்டியதும் 28 நாள்தான். ஆகவே முன்னறிவிப்புக் கொடுக்கப் போகும்போது ஒப்பந்தம் கையெழுத்தாகி இருக்கட்டும்.

பிரிந்த பிறகு ஒருவர் வாடகைக்கே வழியில்லாமல் நிற்கும்படி எழுதிய ஒப்பந்தம் நிற்காது. பிள்ளைகளின் தேவையை எந்த ஒப்பந்தத்தாலும் தள்ளிவைக்க முடியாது. பிள்ளை பிறந்தாலோ ஒருவர் வேலையை விட்டாலோ ஒப்பந்தத்தை எடுத்துத் திருத்துங்கள்.

உயில் எழுதி வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். சிவில் பார்ட்னர்ஷிப் பதிந்ததும் பழைய உயில் செல்லாது, இந்தப் பதிவை எதிர்பார்த்தே எழுதியதாக அதில் இருந்தால் தவிர. புது உயிலையும் இதே சந்திப்பில் முடித்துவிடலாம்.